மறையாத கை



இந்த இதழின் கடைசி நான்கு பக்கங்களை ஏற்காட்டில் உட்கார்ந்து முடித்தேன். சித்திரை வெயிலில் சேலம் வெந்துகொண்டிருந்த ஒரு காலையில் அண்ணன் போன் செய்தார். பெரியம்மா மகன். “பரணை ஒழிச்சுக்கிட்டு இருக்கோம். உன் தகரப் பெட்டி ஒண்ணு கெடக்குது. வந்து எடுத்துக்கிட்டுப் போறியா, எடைக்குப் போட்டுடட்டுமா?” என்றார். அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன்.

பெரியப்பா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். முழுப் பரீட்சை லீவு விட்டால் எங்களை இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே அனுப்பிவிடுவார்கள். மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். லாந்தர் வெளிச்சத்தில் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு நான்கு பேர் ஒரே காமிக்ஸைப் படிப்போம். வேகமாகப் படிக்கிறவன் பக்கம் திருப்பப் பார்ப்பான், மெதுவாகப் படிக்கிறவன் கையை வைத்து அமுக்கிக்கொள்வான். “கண்ணு கெட்டுப்போயிரும், வெளக்கை எறக்கிட்டுப் படுங்கடா” என்று உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வரும். நாங்கள் விளக்கைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்த ஒரு ராத்திரி பெரியப்பா எழுந்து வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது மிளகு வாசனை. இத்தனை வருஷமும் மிளகுச் சாக்குகளோடு ஒரே பரணில் கிடந்ததில் காகிதத்துக்கே காரம் ஏறியிருந்தது. மேலே ராணி காமிக்ஸ், அதற்கடியில் அட்டை போன முத்து காமிக்ஸ். ஒன்றைப் பிரித்தேன். கட்டத்துக்குள் ஓர் அறை, ஒரு மேஜை, பாதி திறந்த கதவு. ஆள் யாரும் இல்லை. கதவுப் பிடியின்மேல் ஓர் இரும்புக் கை மட்டும் இருந்தது.

இரும்புக்கை மாயாவியைத் தெரியாத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் ஒரு கை போய்விட, அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் இன்னொரு விபத்து நடக்கிறது. உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்ந்து அவன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். அன்றிலிருந்து மறைய வேண்டுமென்றால் மின்சார அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கி உடம்பு முழுக்க மறைந்தாலும் அந்த இரும்புக் கை மட்டும் மறையாது. பிரிட்டனில் வேலியண்ட் என்ற வார இதழில் 1962-ல் தொடங்கிய கதை இது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். பத்து வருஷம் கழித்து, 1972-ல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இதுதான். முல்லை தங்கராசன் அப்போது அதன் ஆசிரியர். ஆங்கிலத் தலைப்பில் உலோக நகம் மட்டும்தான் இருக்கிறது. தமிழில் அதற்குப் பெயர் வைத்தவர் மறையாததையும் மறைவதையும் ஒட்டி ஒட்டி நிறுத்திவிட்டார்: இரும்புக்கை, மாயாவி. ஒரு பாத்திரத்தின் முழுக் கதையையும் இரண்டே சொல்லில் சொன்ன தலைப்பு என்று இன்றைக்கும் அதை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

சின்ன வயதில் எங்களுக்கு மறைவதில்தான் ஆசை. மறைந்தால் கணக்கு வாத்தியாரை என்ன செய்யலாம், தோட்டத்துப் பலாவை எப்படி இறக்கலாம் என்றுதான் பேசிக்கொள்வோம். இந்த முறை பரணுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தபோது என் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. ஊர் உலகத்துக்குத் தன்னை முழுசாக மறைத்துக்கொள்ளத் தெரிந்தவனிடம் மறையாமல் நிற்பது அவன் இழந்த இடம் ஒன்றுதான். அவன் எங்கே போனாலும் எதிராளி முதலில் பார்ப்பது அந்த இழப்பைத்தான். அதோடுதான் அவன் சண்டை போட வேண்டும்.

காமிக்ஸ் சிறப்பிதழ் போடலாம் என்று முடிவானபோது, சூப்பர் ஹீரோ படங்களில் எது நல்ல படம் என்று அலுவலகத்தில் இரண்டு வாரம் பேச்சு ஓடியது. எனக்கு அன்று சொல்ல வராத பதில் அந்தப் பரணுக்குக் கீழேதான் வந்தது. எந்தப் படத்தில் அந்தக் கை மறையாமல் இருக்கிறதோ, அந்தப் படம்.

காமிக்ஸுக்கு இது எப்படிக் கைவந்தது என்றால், அதில் எல்லாவற்றையும் வரைவதில்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நூல் அகலத்துக்கு ஒரு வெள்ளை இருக்கும். இந்தக் கட்டத்தில் மாயாவி கம்பியைத் தொடுகிறான், அந்தக் கட்டத்தில் கை மட்டும் நிற்கிறது. நடுவில் அவனுக்கு எப்படி வலித்தது என்பது அந்த வெள்ளையில்தான் நடக்கிறது, அதைப் படிக்கிற பிள்ளைதான் தன் மனதுக்குள் வரைந்துகொள்கிறது. சினிமாவில் அந்த வெள்ளை கிடையாது. நொடிக்கு 24 படம் ஓடி எல்லாவற்றையும் காட்டிவிடும். அதனால் காமிக்ஸைப் புரிந்த இயக்குநர், பறப்பதையும் இடிப்பதையும் எங்காவது ஓர் இடத்தில் நிறுத்தி நம்மைக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்க விடுகிறார்.

ஸ்பைடர் மேன் இரண்டாம் பாகம், 2004-ல் சாம் ரெய்மி எடுத்தது. 1967-ல் வந்த ஸ்பைடர் மேன் காமிக்ஸின் ஐம்பதாவது இதழில் ஒரு பக்கம் உண்டு. பீட்டர் பார்க்கர் தன் உடுப்பைச் சந்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நடந்து போவான். ஸ்டான் லீயின் கதை, மூத்த ஜான் ரொமீட்டாவின் ஓவியம். ரெய்மி அந்தப் படத்தை அப்படியே திரையில் நிறுத்தினார். ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது ரயில் காட்சியை. ஓடும் ரயிலைத் தன் உடம்பால் தடுத்து நிறுத்திவிட்டு அவன் மயங்கி விழுகிறான். முகமூடி போய்விட்டது. பயணிகள் அவனைத் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோகிறார்கள். கீழே கிடத்திப் பார்த்தால், அவர்கள் வீட்டுப் பையன் வயசுதான் இருக்கும் அவனுக்கு. அந்த ஓரிரு நிமிஷத்தில் ஒரு குத்து கிடையாது. சப்பரத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்ததும் ஜனங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்களே, அந்த அமைதி இருந்தது. ஓவியத்தை அச்சு அசலாக எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்த படங்களும் உண்டு. 2009-ல் வந்த வாட்ச்மென் அப்படித்தான். கட்டங்கள் எல்லாம் திரைக்கு வந்தன. ஆனால் ஆலன் மூர் எலும்பு முறிகிற வலியை எழுதிய இடங்களில் படம் அழகைத் தேடியது என்பது என் எண்ணம். மூர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முகமூடி வீரன் கதை நம் பக்கத்துக்கும் பழைய விஷயம்தான். பகலில் ஒரு பெயர், இரவில் ஒரு பெயர், மலைக்குள் ஓர் ஒளிவிடம், போலீஸ் தேடுகிற ஆள்தான் ஜனங்களுக்குத் துணை. இதை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அன்று நாமக்கல் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவலை 1954-ல் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு எம்.ஜி.ஆரை வைத்து எடுத்தார். தமிழில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் படம் அது. என் பெரியப்பா காலத்து ஆட்களுக்கு முகமூடி வீரன் என்றால் அமெரிக்காக்காரன் நினைவுக்கு வந்திருக்க மாட்டான்.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வண்டி ஏறுகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோவில் இன்று மிச்சம் இருப்பது அந்த வாசல் வளைவு. 1952-ல் அவர் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் ‘தி ஜங்கிள்’ எடுத்தார். தமிழில் அது ‘காடு’. சடை வளர்ந்த ஆதிகால யானைகள் வருகிற கதை. யானைக்கு ரோமம் ஒட்டித்தான் எடுத்தார்கள். அதில் நடிக்க வந்தவர்களில் ஒருவர் சீசர் ரொமேரோ. இதே ரொமேரோதான் 1966-ல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கர் ஆனார். ஜோக்கராக நடித்த முதல் மனிதர் அவர். மீசையை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டதால் அதன்மேலேயே வெள்ளை பூசினார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பூச்சுக்கு அடியில் மீசை தெரியும். அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம், ஜோக்கராகப் போகிற ஒருவரை, அது அவருக்கே தெரியாத காலத்தில், வைத்துப் படம் எடுத்தது நம் சேலத்துக் கம்பெனி என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போதைய தமிழ்ப் படங்களுக்கு வருகிறேன். சிம்புதேவன் கார்ட்டூன் வரைந்த கையோடு சினிமாவுக்கு வந்தவர். 2010-ல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்து, நாம் படித்த கௌபாய்க் கதைகளுக்கு மரியாதை செய்தார். மிஷ்கின் 2012-ல் ‘முகமூடி’ எடுத்தார். முகமூடி அழகாகத்தான் இருந்தது. அதைப் போடுகிறவனுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குக் கடைசிவரை மனதில் தைக்கவில்லை. ஆனாலும் முதல் அடி எடுத்து வைத்தவர் என்ற மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு.

என் மனதில் தைத்த படம் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’, 2023. சிவகார்த்திகேயன் அதில் பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைகிறவர். பெயர் சத்யா. குடிசையிலிருந்து அப்புறப்படுத்தி ஓர் அடுக்குமாடியில் கொண்டுவந்து வைத்த குடும்பம். புதுக் கட்டடம்தான், கை வைத்தால் சுவர் உதிர்கிறது. அம்மாவாக வரும் சரிதா எல்லாவற்றுக்கும் சண்டைக்கு நிற்கிறார். பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒதுங்கிப் போகிறான். தான் வரைகிற வீரன் செய்வதில் ஒன்றைக்கூட அவனால் செய்ய முடியாது. பிறகு அவனுக்கு மேலேயிருந்து ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது. அவன் கதையை அவனுக்கே சொல்லும் குரல். விஜய் சேதுபதி பேசியிருப்பார்.

காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டு “அதே சமயம், கோட்டைக்கு வெளியே...” என்று எழுதியிருக்குமே, அந்தப் பெட்டிதான் அந்தக் குரல். அதைப் பாத்திரத்தின் காதில் விழவைத்தால் என்ன ஆகும் என்று அஸ்வின் யோசித்திருக்கிறார். தெருக்கூத்தும் புராண நாடகமும் பார்த்த நமக்கு அது புதிதாகவும் படவில்லை. அசரீரி என்ற சொல் நம்மிடம் எப்போதோ இருந்தது. கம்சனுக்கு அசரீரி கேட்டதும் வாளை உருவினான். சத்யாவுக்குக் கேட்டதும் கை கால் நடுங்குகிறது. குரல் அவனை வீரன் என்கிறது, அவன் கழுத்தை உயர்த்தி மேலே பார்த்துக் கெஞ்சுகிறான். சண்டை போடும்போதும் அந்தப் பயம் அவன் முகத்தைவிட்டுப் போவதில்லை. சத்யாவிடம் மறையாமல் நிற்கிற கை அந்தப் பயம்தான். படத்தில் எனக்கு எல்லாமே பிடித்துவிடவில்லை. பிற்பகுதி கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் ஒரு சித்திரக்கதைக்காரனின் பயத்தையும், உதிரும் ஒரு சுவரையும் வைத்து முழுப் படத்தையும் கட்டலாம் என்று நம்பியதற்காகவே அதை மூன்று தடவை பார்த்தேன்.

மலையாளத்தில் பேசில் ஜோசப் எடுத்த ‘மின்னல் முரளி’ 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வந்தது. தமிழிலும் பேசவைத்து வெளியிட்டார்கள். குறுக்கன்மூலை என்று ஒரு கற்பனைக் கிராமம். ஒரே ராத்திரியில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையல்காரன், அமெரிக்கா போகத் துடிக்கிறவன், டொவினோ தாமஸ். இன்னொருவன் டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு. நம் கூத்துப்பட்டறை குரு சோமசுந்தரம். இருவருக்கும் ஒரே சக்தி, ஒரே தனிமை. ஊர் ஒருவனைப் பிடித்துக்கொண்டது, மற்றவனை விட்டுவிட்டது. ஷிபு இருபத்தெட்டு வருஷமாக உஷாவை நேசிக்கிறவன். கடைசியில் அவள் சம்மதம் சொல்லும்போது குரு சோமசுந்தரத்தின் முகத்தைப் பாருங்கள். சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் விழுந்து, மறுபடி சிரிக்கப் பார்த்து, எதையும் முடிக்க முடியாமல் அந்த முகம் திணறுகிறது. ஊரையே எரிக்கப் போகிறவன் அவன் என்பது நமக்கு அந்த நேரத்தில் தோன்றுவதே இல்லை. வில்லனை வெறுக்க விடாத சூப்பர் ஹீரோ படத்தை நம் மொழிகளில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தப் படத்தில் வேஷ்டியும் துண்டும்தான் முதல் உடுப்பு. டீக்கடை, தையல் கடை, ஊர்த் திருவிழா, இவ்வளவுதான் உலகம். 2025-ல் டொமினிக் அருண் ‘லோகா’வில் கள்ளியங்காட்டு நீலியை எடுத்து இன்றைய பெங்களூரில் நடமாட விட்டார். பாட்டி சொன்ன யட்சிக் கதைக்கு உள்ளேயே ஒரு காயம் இருந்ததைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நம் லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படம் செய்யும் கனவைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறார். அவர் எடுக்கட்டும், முதல் நாள் முதல் காட்சிக்கு நானும் வரிசையில் நிற்பேன். கூடவே அந்தக் கேரளத்துப் பிள்ளைகளைப் போல நம் மலைகளிலும் கொஞ்சம் காது வைத்துக் கேட்க வேண்டும் என்று ஆசை.

ஏனென்றால் நான் உட்கார்ந்து எழுதிய இடமே ஒரு கதைக்குள் இருக்கிறது. சேர்வராயன் மலை உச்சி 5,326 அடி. மேலே ஒரு குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும், பாறை தலையில் இடிக்கும். உள்ளே சேர்வராயனும் காவிரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட கிராமம் எல்லாம் நடந்து வரும். இந்த மலையின் பூர்வ குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து தங்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலையில் தங்கினான். தம்பிகள் இருவரும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள். தெளிவான நாளில் இங்கிருந்து பார்த்தால் மலைக்குப் பின்னால் மலை நீலமாக அடுக்கி நிற்கும். அண்ணன் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

சாமியை எடுத்துச் சட்டை மாட்டிப் பறக்கவிடச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் எனக்கே கோபம் வரும். அந்தக் கதை அந்த ஜனங்களுடையது, சொல்லும் உரிமையும் முதலில் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான். அந்தப் பிள்ளைகள் கையில் பென்சில் இருக்க வேண்டும், வரைந்ததைப் போடுவதற்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும். என்னால் முடிந்தது அந்தப் பக்கம். இந்த இதழிலிருந்து மாதம் ஒரு சித்திரக்கதைப் பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் ஊர்க் கதையை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரைந்து அனுப்பட்டும். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை, திருத்தாமல் போடுவோம்.

முதல் பக்கத்துக்கு ஆள் அங்கேயே கிடைத்தார்கள். அண்ணனின் பேத்தி நான்காம் வகுப்பு. நான் திண்ணையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடப் படிக்கும் சிநேகிதியோடு வந்து, பழைய காமிக்ஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிநேகிதி மேலே கிராமத்திலிருந்து வருகிற பெண், மூன்று அண்ணன் தம்பி கதை அவள் வீட்டுக் கதை. அவள் சொல்லச் சொல்ல இவள் என் புரூஃப் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். முதல் கட்டத்தில் மூவரும் சாமியைச் சுமந்து வருகிறார்கள். இரண்டாவதில் அடிவாரத்தில் ஒரு புளியமரம். மூன்றாவதில் தம்பிகள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். நான்காவதில் பெரியண்ணன் உச்சியில் தனியாக நிற்கிறான். நான்கிலும் அவன் வலது காலில் மட்டும் துணி சுற்றியிருந்தது.

“இது என்ன, கதையில வருதா?” என்று கேட்டேன்.

வரைந்தவள் சிநேகிதியைப் பார்த்தாள். சிநேகிதிதான் பதில் சொன்னாள். “காஞ்சீவரத்துல இருந்து நடந்து வந்தா கால் வீங்காதா தாத்தா?”

அந்தப் பக்கம், அழித்த பென்சில் தடத்தோடும் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிவதோடும், இந்த இதழின் 40-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்